4294967297-க்குத் தப்பான விடை வருகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. 32 இரண்டுகளைப் பெருக்கி, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது இந்த எண். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் பெயரால் வழங்கும், 3, 5, 17, 257, 65537 என்று போகும் ஃபெர்மா எண்களின் (2-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி ஒன்று கூட்டினால் வருபவை) வரிசையில் அடுத்து நிற்பது. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் ஆறாவதாக நின்றாலும் இதற்கு ஐந்தாம் ஃபெர்மா எண் என்றே பெயர்.

எண்ணியல் படிக்கிறவர்களும் நிரல் எழுதப் பழகுகிறவர்களும் என்றாவது ஒருநாள் இந்த எண்ணைத் தொட்டுவிடுவார்கள். தொட்டவர்களில் பலருக்கு விடை தப்பாக வரும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், எந்தத் தப்பான விடை வருகிறது என்று தெரிந்தாலே பிழை எங்கே என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான விடைகள் இவை. காரணிகள் 641 × 6700417. இரண்டும் பகா எண்கள். வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, அப்புறம் அந்த எண்ணே. வகுத்திகளின் கூடுதல் 4301668356. அந்த எண் வரை அதோடு சார்பகா எண்களாக, அதாவது 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாதவையாக, இருப்பவை 4288266240. இலக்கங்களின் கூடுதல் 59. அதை மேலும் கூட்டிக்கொண்டே போனால் 14, கடைசியில் 5.

எண் 1 என்றோ 2 என்றோ காட்டுகிறது

எண்ணை அப்படியே கொடுத்தும் திரையில் 1 வந்தால், அது 32 பிட் இடத்தில், அதாவது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் 32 கட்டங்களில், போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் 4294967295 வரைதான் கொள்ளும். அதற்கு மேல் போனால் 4294967296-ஐக் கழித்த மிச்சம்தான் தங்கும். நம் எண்ணில் கழித்தால் மிச்சம் 1.

விடை 2 என்று வந்தால் கதை வேறு. எண்ணை நேராக எழுதாமல், 1-ஐ 32 பிட் இடப்பக்கம் நகர்த்தி ஒன்று கூட்டியிருப்பீர்கள். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 32 பிட் எண்ணை 32 இடம் நகர்த்தச் சொன்னால் அது நகரவே நகராது, 1 அப்படியே நிற்கும். ஒன்றும் ஒன்றும் இரண்டு. இரண்டு அறிகுறிக்கும் மருந்து ஒன்றுதான்: 64 பிட் வகையை (ஜாவாஸ்கிரிப்டில் BigInt) அறிவித்துவிட்டு, அதற்கப்புறம் கணக்கைத் தொடங்குங்கள். முடிவை மட்டும் 64 பிட்டில் வாங்கிப் பயனில்லை, நடுவிலேயே வழிந்திருக்கும். பைத்தானில் முழு எண் எவ்வளவு பெரிதானாலும் இந்தச் சிக்கல் வராது.

5-ஆல் வகுபடுகிறது, அல்லது இரட்டை எண் என்கிறது

7-ல் முடியும் எண் 5-ஆல் வகுபட வழியே இல்லை. அப்படி வந்தால் உங்கள் கையில் இருப்பது பக்கத்து வீட்டு எண் 4294967295. அதன் காரணிகள் 3 × 5 × 17 × 257 × 65537. ஃபெர்மா எண்களில் முதல் ஐந்தும் அப்படியே வரிசையாக நிற்பதைப் பாருங்கள்! அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையமுடியும் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பக்கச் சீர் பல்கோணங்களில் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். அழகான எண்தான், ஆனால் நாம் தேடி வந்தது அதுவல்ல.

இரட்டை எண் என்று வந்தால், 24 பிட் துல்லியம் கொண்ட தசம வகையில் (float) எண்ணைச் சேமித்திருக்கிறீர்கள். கடைசி 1 உதிர்ந்து 4294967296 ஆகிவிடும். இரண்டு மடங்கு துல்லியம் கொண்ட வகையில் (double) நம் எண் பத்திரமாக இருக்கும். ஆனால் வரிசையில் அடுத்து வரும் 18446744073709551617 அதிலும் தப்பாது. அந்த எண்ணை விரிதாளில் ஒட்டினால் 15 இலக்கத்துக்கு மேல் பூஜ்யமாகி 18446744073709500000 என்று நிற்கும். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். உண்மையான எண்ணுக்கு 89, வெட்டுப்பட்டதற்கு 69. முன்னது 3-ஆல் வகுபடாது, பின்னது வகுபடும். இவ்வளவு பெரிய எண்களை விரிதாளில் எழுத்தாக மட்டுமே வையுங்கள்.

641-ஆல் வகுத்தால் ஈவு 67417 வருகிறது

இது கையால் வகுக்கிறவர்களுக்கு வரும் பிழை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் வழக்கமான சரிபார்ப்புகள் இரண்டும் இங்கே கைவிட்டுவிடும்.

4294-ல் 641 ஆறு முறை, மீதி 448. அடுத்து 9-ஐ இறக்கினால் 4489, ஏழு முறை, மீதி 2. 6-ஐ இறக்கினால் 26. இதில் 641 போகாது, ஈவில் 0 போடவேண்டும். 7-ஐ இறக்கினால் 267. இதிலும் போகாது, இன்னொரு 0. பிறகு 2672, நான்கு முறை, மீதி 108. 1089, ஒரு முறை, மீதி 448. 4487, ஏழு முறை, மீதி இல்லை. ஈவு 6700417. நடுவில் வந்த இரண்டு பூஜ்யங்களையும் விட்டுவிட்டால் 67417 ஆகிவிடும்.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளியில் சொல்லித்தரும் 9-ஆல் சரிபார்க்கும் முறையைப் போட்டுப் பாருங்கள். 641-க்கு இலக்கக் கூடுதல் 11, அதாவது 2. 67417-க்கு 25, அதாவது 7. பெருக்கினால் 14, அதாவது 5. நம் எண்ணுக்கும் 5. ஒத்துப்போகிறது! பூஜ்யம் விட்டுப்போனால் இலக்கக் கூடுதல் மாறாது, அதனால் இந்த முறைக்குப் பிழை கண்ணில் படாது. 11-ஆல் சரிபார்த்தாலும் இதே கதைதான். ஒரு பூஜ்யம் மட்டும் விட்டுப்போயிருந்தால் இடங்கள் ஒற்றை இரட்டையாக மாறி அது காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டு சேர்ந்து விட்டுப்போனதால் மாற்றம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டது. 67417, 6700417 இரண்டையும் 11-ஆல் வகுத்தால் மீதி 9 தான்.

7-ஆல் பாருங்கள், பிழை பிடிபடும். 67417 என்பது 7 × 9631. அதை எதனால் பெருக்கினாலும் 7-ஆல் வகுபடும். நம் எண்ணை 7-ஆல் வகுத்தால் மீதி 5. ஆக ஈவு தப்பு. இன்னும் எளிய வழி இலக்கங்களை எண்ணுவது. மூன்று இலக்க எண்ணையும் ஐந்து இலக்க எண்ணையும் பெருக்கினால் எட்டு இலக்கத்தைத் தாண்டாது. நமக்கு வேண்டியதோ பத்து. பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது நான் இந்த இலக்க எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

நிரல் இதைப் பகா எண் என்கிறது

பெரும்பாலும் உங்கள் சோதனை 2-ஐ மட்டும் அடியாக, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாக, வைத்து நடந்திருக்கும்.

பகா எண் ஒன்றை எடுத்து, அதால் வகுபடாத எந்த எண்ணையும் அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. இது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். இதைத் திருப்பிப் போட்டு, மீதி 1 வந்தால் பகா எண் என்று சொல்லமுடியாது. நம் எண் அதற்கு நல்ல சாட்சி.

2-ஐ எடுத்து வர்க்கப்படுத்திக்கொண்டே போங்கள்: 4, 16, 256, 65536, 4294967296. ஐந்தாவது முறை வந்தது நம் எண்ணைவிட ஒன்றே ஒன்று குறைவு, அதாவது −1 என்று வைத்துக்கொள்ளலாம். ஆறாவது முறை வர்க்கப்படுத்தினால் 1. நம் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்கு 2³² என்பதால், சோதனைக்கு மொத்தம் 32 முறை வர்க்கப்படுத்தவேண்டும். மிச்சமுள்ள 26 முறையும் 1 அப்படியே நிற்கும். எண்ணின் அமைப்பே இப்படி இருப்பதால், அது பகா எண்ணோ இல்லையோ, 2 என்ற அடியில் எந்த ஃபெர்மா எண்ணும் தேறிவிடும். அடியை 4, 8, 16 என்று மாற்றினாலும் பயனில்லை, அவையும் இரண்டின் அடுக்குகள்தானே. இதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையும் 2-ஐ மட்டும் வைத்தால் ஏமாந்துபோகும். நடுவில் −1 வருகிறதா என்றுதான் அது பார்க்கும், இங்கே அச்சாக வந்துவிடுகிறது.

அடியை 3 ஆக்குங்கள். மீதிகள் 9, 81, 6561, 43046721, 3793201458 என்று தொடங்கும். 31-ஆவது முறை 10324303 வரவேண்டும். ஃபெர்மா எண் பகா எண்ணாக இருந்தால் இந்த இடத்தில் −1, அதாவது 4294967296 வந்தே தீரும். 1877-ல் பிரெஞ்சுக் கணிதர் பெபின் தந்த சோதனை இது. வரவில்லை, ஆகவே பகு எண். முப்பத்திரண்டாவது முறை 3029026160. இங்கே 1 வராததால் சாதாரணச் சோதனையிலும் தோற்றுவிட்டது. இந்த எண்களை உங்கள் நிரல் தரும் எண்களோடு வைத்துப் பாருங்கள். எந்த வரியில் முதன்முதலில் விலகுகிறதோ அங்கேதான் கோளாறு.

பொதுப் பயனுக்கு ஒரு குறிப்பு. 4759123141-க்குக் கீழே உள்ள எண்களுக்கு 2, 7, 61 என்ற மூன்று அடிகளில் மில்லர்–ராபின் சோதனை செய்தால் போதும், தப்பே வராது. நம் எண் அந்த எல்லைக்குள் இருக்கிறது.

அடி 2-க்கு மீதி 0 வருகிறது. அடி 3-க்கு எதிர்மறை எண் வருகிறது

64 பிட் வைத்திருக்கிறேன், இன்னும் ஏன் தகராறு என்று கேட்கும் இடம் இது.

அடி 2-ல் ஐந்தாவது மீதி 4294967296. அதன் வர்க்கம் சரியாக இரண்டின் 64-ஆம் அடுக்கு. 64 பிட்டில் கொள்வது அதைவிட ஒன்று குறைவாகத்தான். ஆகவே வழிந்து 0 ஆகிறது. பூஜ்யத்தை எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் பூஜ்யம். வகுக்கும் எண் 4294967296 வரை இருந்தால் மீதிகளின் வர்க்கம் எப்போதும் 64 பிட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கு அடுத்த எண்ணிலேயே முதல் விபத்து, அதுவும் ஒரே ஒரு மீதிக்கு மட்டும். எல்லைக்கோட்டில் காலை வைத்து நிற்கிற எண் இது. உங்கள் நிரலின் எல்லையைச் சோதிக்க இதைவிட நல்ல எண் எனக்குத் தெரியாது.

அடி 3-ல், குறியுள்ள (எதிர்மறை எண்களையும் கொள்ளும்) 64 பிட் வகையில் கணக்குப் போட்டால் ஆறாவது வர்க்கத்தில் தடுமாறும். 3793201458-இன் வர்க்கம் இருபது இலக்க எண். குறியுள்ள வகையின் எல்லை 9223372036854775807, பத்தொன்பது இலக்கம்.

128 பிட் வகை இருந்தால் பெருக்கலுக்கு அதைப் பயன்படுத்துங்கள். நம் எண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு நேர்த்தியான வழியும் உண்டு. 11-ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழிக்கிறோம் அல்லவா? 11-ஆல் வகுக்கும்போது 10 என்பது −1 போல நடந்துகொள்வதால்தான் அது பலிக்கிறது. அதேபோல நம் எண்ணால் வகுக்கும்போது 4294967296 என்பது −1. எனவே பெருக்கற்பலனை மேல் 32 பிட், கீழ் 32 பிட் என்று இரண்டாகப் பிரித்து, கீழிலிருந்து மேலைக் கழியுங்கள். விடை எதிர்மறையாக இருந்தால் நம் எண்ணை ஒரு முறை கூட்டுங்கள். வகுத்தலே தேவையில்லை. மீதி 4294967296 ஆக இருக்கும்போது மட்டும் அதைத் தனியாகக் கவனித்து, வர்க்கம் 1 என்று எழுதிவிடவேண்டும்.

வகுத்துக்கொண்டே இருக்கிறேன், காரணி கிடைக்கவில்லை

3, 7, 11, 13 என்று வரிசையாகப் போகிறவர்கள் பாதி வழியில் கைவிட்டுவிடுவார்கள். 641 என்பது 116-ஆவது பகா எண். அதுவரை பொறுமையாக வகுக்க யாராலும் முடியாது என்றில்லை, ஆனால் தேவையில்லை.

ஃபெர்மா இந்த வரிசையில் உள்ளவை எல்லாமே பகா எண்கள் என்று நம்பினார். 1640-ல் எழுதிய கடிதங்களில் அதைச் சொல்கிறார். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு கழித்து, 1729-ல், கணிதர் கோல்ட்பாக் இதைச் சக கணிதர் ஆய்லரிடம் கேட்டார். 1732-ல் ஆய்லர் 641-ஐ எடுத்து வைத்தார்.

அவர் வழி எளிமையானது. ஒரு பகா எண் நம் எண்ணை வகுத்தால், அந்தப் பகா எண்ணுக்கு இரண்டின் 32-ஆம் அடுக்கு −1 ஆகவும் 64-ஆம் அடுக்கு 1 ஆகவும் இருக்கும். அதாவது இரண்டின் அடுக்குகள் சரியாக 64 படிக்கு ஒரு முறை தொடக்கத்துக்குத் திரும்பும். ஆனால் சிறிய தேற்றப்படி, பகா எண்ணைவிட ஒன்று குறைந்த படியிலும் அவை தொடக்கத்தில் நிற்கவேண்டும். ஆகவே அந்தப் பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் 64-ஆல் வகுபடவேண்டும்.

64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களை எழுதுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. பகு எண்களை அடித்துவிட்டால் 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து. இவற்றால் வகுத்தால் மீதிகள் முறையே 109, 2, 325, 288, 0. உங்களுக்கு வேறு மீதி வந்தால் அந்த வகுத்தலை மட்டும் திரும்பப் போடுங்கள். பின்னாளில் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா (Lucas) 64-க்குப் பதில் 128 என்று இதை இன்னும் இறுக்கினார். அதன்படி மிச்சம் 257, 641 இரண்டுதான். இதில் என் மனத்தைத் தொடுவது, கதவைத் திறந்த சாவி ஃபெர்மாவின் சொந்தத் தேற்றம் என்பது. அதையும் அவர் அதே 1640-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் ஒரு கடிதத்தில் எழுதினார்.

வகுக்காமலே 641-ஐ நம்பவேண்டும் என்றால் இதோ. 641 = 5 × 128 + 1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 128 என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2²⁸ என்பது 1. ஆனால் 641 = 625 + 16, எனவே 625 என்பது −16, அதாவது −2⁴. இரண்டையும் சேர்த்தால் 2³² என்பது −1. ஒன்றைக் கூட்டினால் 0. முடிந்தது.

6700417 இன்னும் உடையுமோ என்ற சந்தேகம்

அதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டி அந்த எல்லைக்குள் வரும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் 170, 44, 120, 334, 622. எதிலும் 0 இல்லை, ஆகவே பகா எண். வர்க்கமூலம் வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துக்கொண்டிருந்தால், அதை நிறுத்திவிட்டு இந்த ஐந்தை மட்டும் போடுங்கள்.

சார்பகா எண்ணிக்கை 4294967296 அல்லது 4288266239 வருகிறது

முன்னது வந்தால் நிரல் எண்ணைப் பகா எண் என்று எடுத்துக்கொண்டு ஒன்றைக் கழித்துவிட்டது. பகா எண் சோதனையைப் பற்றிய பகுதிக்குத் திரும்புங்கள். பின்னது வந்தால் எண்ணை 640/641, 6700416/6700417 என்ற பின்னங்களால் தசமத்தில் பெருக்கி, கடைசியில் முழு எண்ணாக வெட்டியிருக்கிறீர்கள். 640 × 6700416 என்று முழு எண்களிலேயே பெருக்குங்கள். சார்பகா எண் ஒன்றை இந்த எண்ணிக்கையின் அடுக்குக்கு உயர்த்தி நம் எண்ணால் வகுத்தால் மீதி 1 வரவேண்டும், ஆனால் இங்கேயும் 2-ஐ வைத்துச் சரிபார்க்காதீர்கள். 64-ஆல் வகுபடும் எந்த அடுக்குக்கும் 2 நல்ல பெயர் கொடுத்துவிடும், தப்பான விடை 4294967296-க்கும் சேர்த்து. 3-ஐ வைத்துப் பாருங்கள்.

வகுத்திகளை எண்ணும் நிரல் நிற்கவே மாட்டேன் என்கிறது

1, 2, 3 என்று வகுத்துப் பார்க்கச் சுழலும் எண்ணின் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டும்வரை ஓடு என்று எழுதியிருப்பீர்கள். சுழலும் எண் 32 பிட் வகையில் இருந்தால் 65536-ஐ எட்டும்போது அதன் வர்க்கம் வழிந்து 0 ஆகும், பிறகு எப்போதுமே தாண்டாது. குறியுள்ள வகையாக இருந்தால் 46341-லேயே கெட்டுவிடும். வர்க்கத்தை ஒப்பிடாமல், எண்ணைச் சுழலும் எண்ணால் வகுத்து வரும் ஈவோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக ஒரு வழிதான் கிடைக்கிறது

65536² + 1² என்பது பார்த்த உடனே தெரியும். நிரல் அதோடு நின்றுவிட்டால், முதல் விடை கிடைத்ததும் வெளியேறும்படி எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்றும் உண்டு: 62264² + 20449². முன்னது 3876805696, பின்னது 418161601, கூட்டினால் நம் எண். 20449 என்பது 143-இன் வர்க்கம் என்பதையும் கவனியுங்கள்.

இந்த இரண்டாவது வழியை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் காரணிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒரு எண்ணை இரண்டு விதமாக வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடிந்தால் அதை உடைக்கலாம் என்று காட்டியவரும் ஆய்லர்தான். இரட்டை எண்கள் இரண்டின் வேறுபாடு 65536 − 62264 = 3272. ஒற்றை எண்களின் வேறுபாடு 20449 − 1 = 20448. இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 8. வகுத்தால் கிடைப்பவை 409, 2556. அதேபோலக் கூடுதல்கள் 127800, 20450. இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 50. இப்போது 8, 50 இரண்டையும் பாதியாக்கி 4, 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காரணி 4² + 25², அதாவது 16 + 625 = 641. மற்றது 409² + 2556², அதாவது 167281 + 6533136 = 6700417.